விரிசலின் முனையில் ஓர் ஓட்டை

தொழிற்பேட்டைக்கு ஜல்லி ஏற்றிப் போன லாரி ஒன்று எங்கள் காரின் முன்கண்ணாடி மேல் ஒரு கல்லை வீசிவிட்டுப் போனது. உளுந்தளவு காயம். வண்டியை ஓரம் கட்டி, எச்சில் தொட்டுத் துடைத்துப் பார்த்தேன், போகவில்லை. லாரிக்காரனை அவன் பரம்பரையோடு சேர்த்துத் திட்டினேன். அதைக் கேட்க அவன் அங்கே இல்லை, அதற்குள் பாடியைத் தாண்டியிருப்பான். மண்ணூர்பேட்டையில் வீட்டு வாசலுக்கு வந்து இறங்கிப் பார்த்தால், அந்த உளுந்திலிருந்து மயிரிழையாக ஒரு கோடு கிளம்பியிருந்தது. என் மனைவிக்கு அப்போது ஒன்பதாம் மாதம் பிறந்து நான்கு நாள்.

கண்ணாடிக்கும் அவளுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். எனக்கு அந்த மூன்று வாரமும் இரண்டும் ஒன்றாகவே இருந்தன.

எழுபதுகளின் தொடக்கம் அது. தொழிற்பேட்டையில் ஒரு சின்ன ஆலையில் எனக்கு லேத் வேலை. என் அப்பா கடைசி வரைக்கும் அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு ஏர் ஓட்டியவர். எங்கள் வகையறாவில் கார் வைத்திருந்த முதல் ஆள் நான்தான், அதிலும் பாதி ஆள். மீதிப் பாதி என் மனைவியின் அண்ணன், ஆவடியில் ராணுவ வண்டி செய்கிற ஆலையில் ஃபிட்டர். ஒரு முதலாளியின் கொட்டகையில் கோழி அடைந்து கிடந்த பழைய சீமை வண்டியை இரும்பு விலைக்கு வாங்கி, ஐந்து மாத ஞாயிற்றுக்கிழமைகளில் எஞ்சினைப் பிரித்துக் கோத்து ஓட வைத்தோம். சோத்துக்கே சிங்கி அடிக்கிறவனுக்கு காரு கேக்குதா என்று தெருவில் கேட்டார்கள். கேட்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது வழக்கம். அதன்படி இரண்டு வருடத்துக்கு முன் அவளைத் திருநின்றவூருக்கு அனுப்பியிருந்தேன். ஐப்பசி மழை. ஏரி நிரம்பி ரோட்டில் ஓடிக்கொண்டிருந்த ஒரு மதியம் அவளுக்கு வலி எடுத்தது. மாட்டு வண்டியில் ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்தார்கள். ரயில் எங்கோ நின்றுவிட்டது. இரண்டு மணி நேரம் பிளாட்பாரத்தில் கிடந்தாள். ஆலைக்கு ஆள் வந்து சொல்லி, நான் எழும்பூரில் ஆஸ்பத்திரி வராந்தாவுக்குப் போய்ச் சேர்ந்தபோது அவள் உள்ளே இருந்தாள். குழந்தை அழுகிற சத்தத்துக்காகக் காத்து நின்றேன். யார் யாருடைய குழந்தைகளோ அழுதன. எங்களுடையது அழவில்லை.

அதனால்தான் கார். அடுத்த தடவை எவனுடைய ரயிலுக்கும் காத்திருக்க மாட்டேன் என்று முடிவு செய்திருந்தேன். ஊர் சுற்ற வாங்கியதில்லை அது. அப்படிப்பட்ட வண்டியின் கண்ணாடிதான், நேரம் பார்த்துப் பிளந்துகொண்டு நின்றது.

ஆலையில் சாப்பாட்டு வேளையில் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. ஆளுக்கொரு வைத்தியம். முட்டை வெள்ளையில் சுண்ணாம்பு குழைத்துப் பூசு என்றான் ஒருவன். நகப்பாலிஷ் விட்டால் பிடித்துக்கொள்ளும் என்றான் இன்னொருவன். வெல்டர் மட்டும் சோற்றை மென்றபடியே, "ஒடஞ்சத ஒட்டவெச்சி இன்னா பண்ணப் போற? மாத்திட்டுப் போய்க்கினே இரு" என்றான். அவன் சொன்னது சரி என்று பட்டது. அடுத்த நிமிடமே தப்பு என்றும் பட்டது.

ஞாயிற்றுக்கிழமை புதுப்பேட்டைக்குப் போனேன். பழைய வண்டிகளைப் பிரித்து விற்கிற கடைகளில் ஏறி இறங்கி, ஏழாவது கடையில் ஒருவர் எங்கள் வண்டி வகையைக் கேட்டதும் தலையைச் சொறிந்தார். அதே மாதிரி வண்டி ஒன்று பிரிக்க வரப்போகிறது, பத்து நாள் ஆகும், கண்ணாடி கிடைக்கும். ஆனால் சுற்றி இருக்கிற ரப்பரையும் மாற்ற வேண்டும், வண்டியை இரண்டு நாள் விட்டுவிட்டுப் போக வேண்டும் என்றார்.

"ரெண்டு நாளா?" என்றேன்.

"கல்யாணத்துக்கா போற? ரெண்டு நாள் வண்டி இல்லாங்காட்டி இன்னா ஆயிடும் நைனா?"

என்ன ஆகும் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? அந்த இரண்டு நாளில் வலி எடுத்தால் வண்டி புதுப்பேட்டையில் நிற்கும். மாற்றாமல் விட்டு, போகிற வழியில் கண்ணாடி மொத்தமும் பிளந்து கண்ணை மறைத்தால்? திரும்பி வந்தேன். பஸ்ஸில் வருகிற வழியெல்லாம் மாற்றிவிடலாம் என்று நினைத்தேன், வீட்டுப் படி ஏறும்போது வேண்டாம் என்று நினைத்தேன். மதில் மேல் பூனையாவது ஒரு நாள் குதித்துவிடும்.

மறுநாள் காலையிலிருந்து அளக்க ஆரம்பித்தேன். கடைசல்காரன் புத்தி வேறு எங்கே போகும்? எழுந்ததும் முகம்கூடக் கழுவாமல் ஸ்டீல் ஸ்கேலோடு வாசலுக்குப் போவேன். விரிசலின் முனையில் சாக்பீஸால் ஒரு கோடு. அடுத்த நாள் அந்தக் கோட்டை விரிசல் தாண்டியிருக்கும். ஒரு நாள் மூன்று மில்லி மீட்டர், ஒரு நாள் ஒன்று, வெயில் அதிகமான நாளில் எட்டு. நிழலில் நிறுத்தினேன். சாக்குப் படுதா போட்டேன். ஆலையில் வேலை ஓடாது. சாப்பாட்டு மணி அடித்ததும் வீட்டுக்கு நடந்து வந்து படுதாவைத் தூக்கிப் பார்த்துவிட்டு, சாப்பிடாமலே திரும்பிப் போன நாளும் உண்டு. அவள் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள். ஏன் இப்படி அலைகிறாய் என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை. அது எனக்கு அப்போது வசதியாக இருந்தது.

மச்சான் வந்து பார்த்தார். ஃபிட்டர் இல்லையா, விரலால் விரிசலைத் தடவிக்கொண்டே போய் முனையில் நிறுத்தினார்.

"மாப்ள, எஞ்சின் பிளாக்குல கிராக் வுட்டா இன்னா செய்வோம்?"

"முனையில ஓட்ட போடுவோம்."

"அப்புறம் இன்னாத்துக்கு மண்டையப் போட்டு ஒடச்சிக்கினு கீற?"

வார்ப்பிரும்பில் விரிசல் விட்டால் அதன் முனையைக் கண்டுபிடித்து அங்கே சின்னதாக ஓர் ஓட்டை போடுவது எங்கள் தொழிலில் பாலபாடம். கூர்மையாக ஓடி வருகிற விரிசல் வட்டமான ஓட்டையில் விழுந்தால் அதற்கு மேலே போக முடியாது. இரும்புக்குச் செய்வதைக் கண்ணாடிக்கும் செய்யலாம் என்று எங்கள் இரண்டு பேரைத் தவிர வேறு யாருக்கும் தோன்றியிருக்காது. எனக்கு அந்த நிமிடமே பாதி உயிர் வந்தது.

அடுத்த ஞாயிறு காலை மச்சான் கை டிரில்லோடு வந்தார். உடைந்த முக்கோண அரத்தைச் சாணை பிடித்து முனையாக்கியிருந்தார். டர்பன்டைனில் கற்பூரத்தைக் கரைத்தோம், கண்ணாடி சூடேறாமல் இருக்க. சாய்ந்த கண்ணாடியில் அது நிற்க வேண்டுமே, அதற்கு என் மனைவி கோதுமை மாவைப் பிசைந்து வளையமாக உருட்டிக் கொடுத்தாள். மாவு வளையத்துக்குள் கற்பூரத் தண்ணீரை விட்டு, மச்சான் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் சுற்றினார். அந்தக் காலத்துச் சீமைக் கண்ணாடி அது. இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவில் தாள் மாதிரி ஒன்றை வைத்து ஒட்டியிருப்பார்கள். விரிசல் மேல் கண்ணாடியில்தான் இருந்தது. தாள் வரைக்கும் போய் நிறுத்தினார். அரிசி அளவில் ஓர் ஓட்டை. வாசலே கோயில் மாதிரி மணத்தது.

திங்கள் அளந்தேன், நகரவில்லை. செவ்வாய் அளந்தேன், நகரவில்லை. புதன்கிழமை ஆலையில் என்னைப் பார்த்து, சம்பளம் ஏறிடுச்சா என்று கேட்டார்கள்.

அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் என் கை அப்படி. வார்ப்பில் ஓட்டை போட்டால் அப்படியே திறந்து வைக்க மாட்டோம், அதில் ஒரு அடைப்பு இறக்கினால்தான் வேலை முடிந்ததாகக் கணக்கு. திறந்து கிடந்த அந்த ஓட்டை, பல்லில் சிக்கிய நார் மாதிரி என்னைப் பிடுங்கியது. வானம் வேறு மூடிக்கொண்டு வந்தது. மழை பெய்தால் ஓட்டை வழியே தண்ணீர் இறங்கித் தாளை ஊற வைத்துவிடும் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். வியாழக்கிழமை சாப்பாட்டு வேளையில் லேத்தில் பித்தளையில் குட்டியாக ஒரு அடைப்பு கடைந்தேன், ஓட்டைக்கு ஒரு மயிரிழை கூடுதலாக, இறுக்கமாகப் போய் உட்காருகிற மாதிரி. அழகாக வந்தது. அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு சாயங்காலம் வரை தொட்டுத் தொட்டுப் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை காலை வேலைக்குப் போவதற்கு முன் அதை ஓட்டையில் வைத்து, சின்ன சுத்தியலால் ஒரு தட்டுத்தான் தட்டினேன். டிக் என்று ஒரு சத்தம். உள்ளே போய் உட்கார்ந்தது. சிரித்திருப்பேன் என்று நினைக்கிறேன். சிரித்து முடிப்பதற்குள் அந்த இடத்திலிருந்து கோடுகள் நாலா பக்கமும் ஓடின. மேலும் கீழும் இடமும் வலமும், ரப்பர் வரைக்கும். கண்ணாடி கீழே விழவில்லை, தாள் பிடித்துக்கொண்டது. ஆனால் சிலந்தி வலை மாதிரி வெள்ளை வெளேரென்று ஆகிவிட்டது. அந்தப் பக்கம் நின்ற முருங்கை மரம் தெரியவில்லை.

அன்று சாயங்காலம் மச்சான் வந்து, பித்தளை அடைப்பை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். பிறகு, "சும்மா கெடந்த சங்க ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி" என்றார். ஞாயிற்றுக்கிழமை ஒரு லாரியில் கட்டி இழுத்துக்கொண்டு புதுப்பேட்டைக்குப் போய்விடலாம் என்று பேசிக்கொண்டோம். அன்று ராத்திரி அவர் எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டார்.

சனிக்கிழமை விடிந்து, பால்காரர் போன பிறகு அவளுக்கு வலி எடுத்தது.

மச்சான் டாக்ஸி பார்க்கிறேன் என்று செருப்பை மாட்டினார். எங்கே போய்ப் பார்ப்பார்? அந்தப் பக்கத்தில் அந்த நேரத்தில் டாக்ஸி கிடைப்பது குதிரைக் கொம்பு. அவர் வரும் வரைக்கும் அவள் இங்கே கிடக்க வேண்டும். பிளாட்பாரம் எனக்கு ஞாபகம் வந்தது. நான் பார்த்திராத அந்தப் பிளாட்பாரம்.

"எங்கியும் போவாத மச்சான். கை குடு" என்றேன்.

மூன்று வாரம் மாற்றுவதா ஒட்டுவதா என்று செத்துச் செத்துப் பிழைத்தவன், அரை நிமிடத்தில் முடிவு செய்தேன். இரண்டு பேரும் உள்ளே உட்கார்ந்து, காலால் உதைத்து, கண்ணாடியை ரப்பரோடு வெளியே தள்ளினோம். ஊறிய அப்பளம் மாதிரி மடங்கி பானெட்டின் மேல் விழுந்தது. இழுத்து வேலியோரம் எறிந்தோம். என் சட்டையெல்லாம் கண்ணாடித் தூள். மச்சான் தன் பையிலிருந்து சாணை பிடிக்கும்போது போடுகிற கண்ணாடியை எடுத்து என் முகத்தில் மாட்டினார்.

பின் சீட்டில் அண்ணன் மேல் சாய்ந்து அவள். முன்னால் எதுவும் இல்லை. காற்று நேராக வந்து மூக்கில் அடித்தது. தூசி, பூச்சி, பாடி சந்திப்பில் டீக்கடைக்காரர்களின் சிரிப்பு, எல்லாம் அப்படியே உள்ளே வந்தன. வேகமாக ஓட்ட முடியவில்லை. வில்லிவாக்கம் தாண்டும்போது வலி கொஞ்சம் அடங்கி அவள் பேசினாள்.

"மூணு வாரமா காலீல எய்ந்தா ஸ்கேல எடுத்துகினு ஓடுவ."

நான் திரும்பவில்லை.

"அதுக்கு எவ்ளோ ஆச்சி, எவ்ளோ ஆச்சின்னு பாத்த. என்னிய ஒரு நாளு கேட்டியா? பயமா கீதான்னு ஒரு வார்த்த?"

மச்சான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள்தான் அந்தப் பிளாட்பாரத்தில் கிடந்தவள், நான் இல்லை. அதை எப்படி மறந்தேன் என்று என் மேலேயே எனக்கு ஆத்திரம் வந்தது. அயனாவரத்தில் ஒரு மாட்டு வண்டிக்கு வழி விட்டு வேகத்தைக் குறைத்தேன். பிறகு கேட்டேன்.

"பயமா கீதா?"

"கீது" என்றாள். "நீ ஓட்டு."

ஓட்டினேன். எழும்பூரில் அவளை உள்ளே அழைத்துக்கொண்டு போனார்கள். அதே வராந்தா, அதே மர பெஞ்சு. முகத்தில் கண்ணாடி மாட்டியிருப்பதே ஞாபகமில்லாமல் உட்கார்ந்திருந்தேன். யார் யாருடைய குழந்தைகளோ அழுதன. ஒவ்வொரு தடவையும் மச்சான் எழுந்து நின்று, பிறகு உட்கார்ந்தார். வெயில் பெஞ்சின் காலடிக்கு வந்தபோது கதவைத் திறந்து ஓர் ஆயா எட்டிப் பார்த்து எங்களைக் கைகாட்டிக் கூப்பிட்டாள். அவளுக்குப் பின்னாலிருந்து ஒரு குழந்தை வீறிட்டு அழுதது.

"இது எங்களுதா?" என்று கேட்டேன்.

"பின்ன யாருது? பொம்பளப் புள்ள. காது கிழியுது, எப்ப நிறுத்தும்னு தெர்ல" என்றாள்.

நிறுத்த வேண்டாம் என்றேன்.