கட்டில் தலைமாட்டில் ஒரு கை

துரு எடுக்கிற தொழிலைப் போல நிரந்தரமான தொழில் வேறு கிடையாது. நாம் மூச்சு வாங்க உட்கார்ந்தாலும் துரு உட்காராது. ஜொகூர் பாருவில் கடலோரத் தகரக் கொட்டகை ஒன்றில், பழைய இரும்பு வாங்கி விற்கும், தவுக்கே என்று நாங்கள் கூப்பிட்ட சீன முதலாளி ஒருவரிடம் அந்த வேலையைப் பல வருஷம் செய்தவன் நான். சைக்கிள், கட்டில், இரும்புக் கதவு என்று வருகிறதையெல்லாம் மண்ணெண்ணெயில் ஊறவைத்து, சுரண்டி, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, உப்புத்தாள் போட்டு, சிவப்பு ஈயச் சாயம் ஒரு பூச்சு கொடுத்து, அதன்மேல் கேட்ட நிறத்தை அடித்துத் தர வேண்டும். கூட வேலை செய்தவன் ஆசெங் என்ற சீனன். தமிழர்களோடு பழகிப் பழகித் தமிழில் என்னைத் திட்டும் அளவுக்குத் தேறியிருந்தான்.

நகக்கண்ணில் துரு ஏறிப்போன அன்பர்களுக்கும், யாருக்காகவாவது காத்திருந்து கண் பூத்துப்போன அன்பர்களுக்கும் இதை எழுதுகிறேன். நாமெல்லாம் ஒரே கட்சி.

கிராணியின் சைக்கிள்

எங்கள் கொட்டகையில் சட்டம் ஒன்றுதான். துரு எடுத்துப் பளபளவென்று ஆன இரும்பை வெறுங்கையால் தொடக்கூடாது. வியர்வையில் உப்பு இருக்கிறது. தொட்டபோது ஒன்றும் தெரியாது. மேலே எத்தனை பூச்சு அடித்தாலும், சில மாதம் கழித்துத் தொட்ட கை அப்படியே துருவாக எழுந்து வரும். அதனால் சாக்குத் துணியைக் கையில் சுற்றிக்கொண்டுதான் எதையும் தூக்குவோம், அவசரம் இல்லாத நாட்களில்.

ரப்பர் தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி ஒருவர் தம் பழைய சைக்கிளைக் கொடுத்திருந்தார். வேலை பாதியில் இருக்கும்போது பார்க்க வந்தார். "தொடாதீங்க ஐயா!" என்று நான் கத்துவதற்குள், கன்றுக்குட்டியைத் தடவுவது போல் நடுக்கம்பியைத் தடவிவிட்டார். உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு அடித்தேன். மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்திருக்க வேண்டும் என்ற புத்தி பிறகுதான் வந்தது. சில மாதம் கழித்து அதே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். கறுப்புச் சாயத்தைப் பிளந்துகொண்டு விரல் விரலாகத் துரு. திட்டு வாங்கத் தயாராக நின்றேன். அவரோ தம் விரல்களை அந்தத் துருவின் மேல் ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "என் வண்டிய நானே ஆசையாத் தொட்டதுக்கு இந்தத் தண்டனையா, மாணிக்கம்?"

பச்சைக் கட்டில்

கல்யாணமாகி என் மனைவி அஞ்சலை ஊரிலிருந்து கப்பலில் வந்து சேர்ந்தபோது, கொட்டகைக்குப் பின்னால் இருந்த என் அறையில் பாயைத் தவிர ஒன்றும் இல்லை. யாரோ ஒரு துரையின் பங்களாவிலிருந்து கழித்துப்போட்ட இரும்புக் கட்டில் ஒன்று கொட்டகைக்கு வந்தது. தலைமாட்டில் அகலமான தகடு. அது இரும்பா, இரும்பின் ஆவியா என்று சந்தேகப்படும் அளவுக்குத் துரு. யாரும் சீந்தாததால் தவுக்கே எனக்கே கொடுத்துவிட்டார்.

முற்றத்தில் போட்டு அதைச் சுரண்டினேன். தகடு வெளுத்து மின்னிய நேரம் பார்த்து அஞ்சலை சோற்றுத் தூக்கோடு வந்தாள். உள்ளங்கை முழுவதையும் தகட்டின் மேல் வைத்து, "எவ்ளோ சில்லுன்னு இருக்கு!" என்றாள். கிராணியிடம் கத்தியவனுக்கு அன்று வாய் திறக்கவில்லை. அவள் போனதும் துடைத்தேன். துடைத்து முடித்ததுமே மழை பிடித்துக்கொண்டது. ஆசெங் ஓடி வந்து தலைமாட்டைப் பிடிக்க, நான் கால்மாட்டைப் பிடிக்க, உள்ளே இழுத்துப் போட்டு, ஈரத்தை ஒற்றி எடுத்துவிட்டு, இருட்டுவதற்குள் சிவப்புப் பூச்சு கொடுத்தேன். அது காய்ந்தபின் அவள் கேட்ட பச்சை.

அந்தக் கட்டிலில் அவள் அதிக நாள் படுக்கவில்லை. தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் என்பது நம் வழக்கம்; வழக்கத்துக்கு நடுவில் கடல் கிடப்பது தெரியாது. ஊர் திரும்பிய ஒரு குடும்பத்தோடு அவளைச் சிங்கப்பூரில் கப்பலேற்றினேன். ஏணியில் கால் வைத்தவள் திரும்பி வந்து சொன்னாள்: "கட்டில யாருக்கும் குடுத்துடாதீங்க. புள்ளயோட வந்து அதுலதான் படுப்பேன்."

கை எழுந்த மழைக்காலம்

பெண் பிறந்தது. அஞ்சலை புறப்படலாம் என்று இருந்த சமயத்தில் ரப்பர் விலை சரிந்தது. தோட்டம் தோட்டமாக ஆட்களை நிறுத்தி ஊருக்குக் கப்பலேற்றினார்கள். என் மாமனாருக்குப் பயம் வந்துவிட்டது. எல்லாரும் மூட்டையோடு திரும்பி வரும்போது தம் மகள் மட்டும் எதற்கு அங்கே போக வேண்டும், மாப்பிள்ளை வரட்டும் என்று சொல்லியனுப்பினார். அங்கே போனால் எனக்கு வேலை இல்லை. இங்கே இடத்தை விட்டால் மறுபடி கிடைக்காது. அவள் வருவாளா, நான் போவதா என்று தெரியாமல் கடல் பக்கமாகப் பார்த்துக்கொண்டே சுரண்டிக்கொண்டிருந்தேன்.

அந்த மழைக்காலத்தில் ஒருநாள் கட்டிலின் தலைமாட்டில் பச்சைச் சாயம் கொப்பளித்திருந்தது. நகத்தால் நெருடினேன், உதிர்ந்தது. உள்ளே ஒரு கை. உள்ளங்கை, கட்டைவிரல், மற்ற விரல்கள், எல்லாம் செந்துருவாக. அஞ்சலை வைத்த கை! அங்கேயே உட்கார்ந்து அழுதேன். சொல்வதில் வெட்கம் இல்லை. சுரண்டினால் கை போய்விடும். விட்டால் துரு பரவி விரலெல்லாம் ஒன்றாகிவிடும். கடைசியில் தேங்காயெண்ணெய்த் துணியால் தினமும் ஒற்றி வைத்தேன். எண்ணெய் பட்டால் துரு நின்ற இடத்தில் நிற்கும். அதைப் பார்த்துவிட்டு ஆசெங் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சொன்னான்: "ஊர்த் துருவுக்கெல்லாம் சுரண்டி, உன் வீட்டுத் துருவுக்கு எண்ணெய்க் குளியலா? நல்ல வேலைக்காரன் லா நீ!"

கிரீஸ் பூசிய மிஷின்

ஆயர் ஈத்தாம் பக்கம் மூடிக் கிடந்த ஒரு தோட்டத்துக்கு எங்களை அனுப்பினார்கள். ரப்பர்ப் பால் உறைந்த கட்டியைத் தகடாக நசுக்கும் உருளை மிஷின்கள் வரிசையாகத் துருப்பிடித்து நின்றன. சாயம் வேண்டாம், துருவை எடுத்துவிட்டுக் கனமாகக் கிரீஸைப் பூசுங்கள், விலை ஏறுகிறவரை அப்படியே கிடக்கட்டும் என்பது துரையின் உத்தரவு.

அங்கே மிச்சம் இருந்த ஒரே மனிதர் காவல்காரர் சூசை. மனைவி மக்களை ஊருக்கு அனுப்பிவிட்டுக் கூலிக்காரர்கள் குடியிருந்த காலி லயத்தில் தனியாகப் பொங்கித் தின்றுகொண்டிருந்தார். பேச ஆள் கிடைத்த சந்தோஷத்தில் நாள் முழுக்க எங்கள் பக்கத்திலேயே நின்றார். என் கட்டில் கதையைச் சொன்னேன். சிரிக்கவில்லை. கிளம்பும்போது உருளையில் வழிந்த கிரீஸை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இதுக்குப் பூசிட்டீங்க, எத்தன வருஷமானாலும் காத்துக் கெடக்கும். நமக்கு எதத் தம்பி பூசுறது?"

கட்டில் கேட்டு வந்தவர்

வியாபாரம் படுத்துக்கிடந்த நேரத்தில் இஸ்மாயில் என்ற மலாய்க்காரர் மகள் கல்யாணத்துக்குக் கட்டில் தேடி வந்தார். கொட்டகையில் கட்டிலே இல்லை. தவுக்கே என் அறைப் பக்கம் கையைக் காட்டிவிட்டார். அவர் எனக்குச் சும்மா கொடுத்த கட்டில். முடியாது என்று எந்த வாயால் சொல்வது? கட்டிலை முன்னும் பின்னும் பார்த்த இஸ்மாயிலுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. இந்தத் துருவை மட்டும் சுரண்டிக் கொடு என்றார்.

அது என் மனைவியின் கை, அவள் ஊரிலிருந்து இன்னும் வரவில்லை என்று மட்டும் சொன்னேன். அவர் குனிந்து தகட்டைப் பார்த்தார். பிறகு சொங்கோக் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, தவுக்கே காதிலும் விழும்படி மலாயில் சொன்னார்: "இந்தக் கட்டிலில் ஏற்கெனவே ஆள் இருக்கிறது, எனக்கு வேண்டாம்."

யாருடைய கை

ரப்பர் மெல்லத் தலைதூக்கியதும், அப்பா பேச்சைக் கேட்டது போதும் என்று அஞ்சலை தானாகவே கிளம்பிவிட்டாள். கப்பலடிக்குப் போய் அழைத்துக்கொண்டு, சிங்கப்பூரிலிருந்து ரயிலில் கடல் பாலத்தைத் தாண்டி வந்து இறங்கினோம். அவள் இளைத்திருந்தாள். என் மகள் அம்மாவின் முந்தானைக்குள் ஒளிந்துகொண்டு, யாரோ என்பது போல் என்னைப் பார்த்தாள். ஆசெங் பெட்டியைத் தூக்கி வந்தான்.

அறைக்குள் நுழைந்ததும் நான் முதலில் காட்டியது தகட்டைத்தான். கதையைக் கேட்டுக்கொண்டே அஞ்சலை தன் கையை அதன்மேல் வைத்தாள். துருக் கைக்குள் அவள் கை காணாமல் போயிற்று. விரல்கள் நுனிவரை எட்டவில்லை. "இது ஆம்பளக் கைங்க" என்றாள். நானும் வைத்துப் பார்த்தேன், சேரவில்லை. வாசலில் நின்ற ஆசெங் முகம் மாறியது. மெதுவாக வந்து கையை வைத்தான். மூடி போட்டது போல் உட்கார்ந்தது. "அலமாக், ஐயய்யோ!" என்றான். மழையில் தலைமாட்டைப் பிடித்து இழுத்தவன் அவன்தானே! அஞ்சலை தொட்டதை நான் பார்த்தேன். பார்த்ததால் அந்த இடத்தை மண்ணெண்ணெய்த் துணி போட்டு அழுந்தத் துடைத்தேன். அவன் தொட்டதைப் பார்க்கவில்லை, அது தங்கிவிட்டது. இத்தனை மழைக்காலமும் நான் எண்ணெய் ஒற்றி, கன்னம் வைத்து அழுதது இந்தத் தடியன் கையில்.

அஞ்சலை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்தபடியே கட்டிலில் உட்கார்ந்தவள், சட்டென்று முந்தானையில் முகத்தை மூடிக்கொண்டு விசும்பினாள். நான் சுரண்டியை எடுத்தேன். ஆசெங்கின் கை தூளாக உதிர்ந்து தகடு மறுபடி மின்னியது. சாக்குத் துணியை எடுக்கத் திரும்பினேன். அதற்குள் அவள் மகளின் உள்ளங்கையைத் தகட்டில் வைத்து, பக்கத்தில் தன் கையையும் அழுத்தி வைத்துக்கொண்டு சொன்னாள்: "தொடைக்காம அப்படியே சாயத்த அடிங்க. இனிமே நாங்க எங்கயும் போகல, இருந்தாலும் இருக்கட்டும்."

ஊரார் இரும்பிலெல்லாம் துரு வரக்கூடாது என்று பாடுபட்ட நான், என் வீட்டுக் கட்டிலில் அது எப்போது எழும் என்று தினமும் விடிந்ததும் தலைமாட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.