பீட்ரூட் என்று சொல்லிக்கொண்ட எட்டு மாதங்கள்

முதலில் கண்ணில் பட்டது நிறம்தான். ஒரு திங்கட்கிழமை காலை, வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் கழிவறையில் குனிந்து பார்த்தபோது தண்ணீர் சிவந்திருந்தது. அடுத்த நொடியே முந்தின நாள் மதியம் சாப்பிட்ட பீட்ரூட் பொரியல் நினைவுக்கு வந்தது. எனக்கு நானே சிரித்துக்கொண்டு, ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிவிட்டு வெளியே வந்தேன்.

அந்த பீட்ரூட் நான் விளைவித்தது. அல்சூரில் நாங்கள் குடியிருக்கும் வீட்டின் மொட்டைமாடியில் முப்பது பைகளில் கேரட்டும் முள்ளங்கியும் பீட்ரூட்டும் போட்டிருந்தேன். பொம்மனஹள்ளியில் ஓர் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் தையல் மெஷின்களைப் பழுது பார்ப்பவன் நான். மாடிக்குப் போனால்தான் காதிலிருந்து மெஷின் சத்தம் இறங்கும்.

முதல் வருடம் எல்லாமே இலையாகப் போனது. சாணி எருவை அள்ளிக் கொட்டியதுதான் தப்பு. தழை செழித்தால் கிழங்கு இறங்காது. அடுத்த முறை செம்மண்ணைச் சலித்துக் கல்லை எடுத்தேன். மணலும் நன்றாக மக்கிய உரமும் கலந்தேன். கேரட்டை நாற்றுவிட்டுப் பிடுங்கி நடாமல் நேரடியாக விதைத்தேன். பீட்ரூட்டில் ஒரு விதை போலத் தெரிவது பல விதைகளின் கொத்து. மூன்று நான்கு முளை வரும். மனம் வராவிட்டாலும் ஒன்றை விட்டு மற்றவற்றைப் பிடுங்கினேன். ஒரு நாள் வெள்ளமாக ஊற்றி நாலு நாள் காயப் போடாமல், அளவாகத் தண்ணீர் விட்டேன். அந்த வருடம் பீட்ரூட் கைக்குள் அடங்காத அளவுக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வெளியே வரும்போது நாலைந்து பேர் என்னைச் சூழ்ந்துகொண்டு யோசனை கேட்பார்கள். எனக்குத் தலைகால் புரியாது.

சிவப்பு நிற்கவில்லை. வெட்கத்தோடு எழுதுகிறேன்: பீட்ரூட் சாப்பிடாத நாளிலும் அது வருவதை மூன்றாவது வாரமே கவனித்துவிட்டேன். அதற்கு நான் செய்தது, பீட்ரூட் சாப்பிடாத நாளே இல்லாமல் பார்த்துக்கொண்டதுதான். பொரியல், சாம்பார், பச்சையாகச் சீவித் தயிரில். ஒரு பை காலியானால் மறுநாளே அதில் விதைத்தேன். மாடியில் எப்போதும் பீட்ரூட் இருந்ததால், எனக்கு நானே சொல்லிக்கொள்ளக் காரணமும் எப்போதும் இருந்தது.

இப்படியே எட்டு மாதம். மருத்துவரிடம் போனால் பேண்ட்டை அவிழ்க்கச் சொல்வார், விரல் விட்டுப் பார்ப்பார் என்ற நினைப்பே கூசியது. இதைவிடப் பெரிய காரணம் ஒன்றைச் சொல்ல ஆசைதான். அப்படி ஒன்றும் இல்லை.

கோலாரில் என் மனைவி ஸ்டெல்லாவின் அக்கா வீட்டில் ஒரு விசேஷத்துக்காகப் பத்து நாள் தங்கினோம். திரும்பி வந்த மறுநாள் துணி துவைத்துக்கொண்டிருந்தவள், என் உள்ளாடையைக் கையில் பிடித்தபடி வந்தாள்.

“இது என்ன?”

“பீட்ரூட்.”

“அக்கா வீட்ல பீட்ரூட்டே வாங்கல. பத்து நாளா நீங்க என்ன சாப்ட்டீங்கன்னு எனக்குத் தெரியாதா?”

அன்று மாலையே அழைத்துப் போனாள். மருத்துவர் ஓர் இளவயதுப் பெண். எத்தனை நாளாக என்று கேட்டார். இரண்டு வாரம் என்றேன். விரலால் சோதித்துவிட்டுக் கையுறையைக் கழற்றினார். கொலோனோஸ்கோபி (கேமரா பொருத்திய மெல்லிய குழாயைக் குடலுக்குள் செலுத்திப் பார்ப்பது) எடுக்கச் சொன்னார். பிறகு பயாப்சி (சிறு சதைத் துண்டை எடுத்துச் சோதிப்பது). மலக்குடலில், ஆசனவாய்க்கு மிக அருகில், புற்றுநோய் இருந்தது.

முடிவைச் சொன்ன நாளில் அவர் மறுபடியும் அதே கேள்வியைக் கேட்டார். எட்டு மாதம் என்றேன். ஸ்டெல்லா திரும்பி என்னைப் பார்த்தாள். நான் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“இதுக்காக இப்ப உங்கள நீங்களே திட்டிக்காதீங்க சார்,” என்றார் மருத்துவர். “ஆனா முன்னாடியே வந்திருந்தா, மலத்துக்கு வயித்துல பை வைக்காமலே முடிச்சிருக்கலாமோ என்னவோ. அதையும் நான் மறைக்க மாட்டேன்.”

ஐந்து வாரம் கதிர்வீச்சு, கூடவே கீமோ மாத்திரை. சில வாரங்கள் கழித்து அறுவை சிகிச்சை. ஆசனவாயை மூடிவிட்டு, இடது அடிவயிற்றில் ஸ்டோமா (குடலின் முனையை வயிற்றுத் தோலுக்கு வெளியே திறந்துவைக்கும் வழி) அமைத்தார்கள். இனி மலம் அந்த வழியாகத்தான், ஒட்டிவைத்த பைக்குள் இறங்கும். வாழ்நாள் முழுக்க. முதல் தடவை பை மாற்றியபோது நான் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டேன். “நாச்சிகே படபேடி சார்,” வெட்கப்படாதீர்கள் என்று நர்ஸ் கன்னடத்தில் சொல்லிக்கொண்டே இருந்தார். ஸ்டெல்லா பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கற்றுக்கொண்டாள். நான் கற்றுக்கொள்ள இன்னும் இரண்டு மாதம் ஆனது.

கனமான எதையும் தூக்கக் கூடாது என்றார்கள்; ஸ்டோமாவைச் சுற்றி ஹெர்னியா (தசை விலகிக் குடல் பிதுங்குவது) வரலாம். மாடிக்குத் தண்ணீரை ஸ்டெல்லா சுமந்தாள். நான் நாற்காலியில் உட்கார்ந்து விதை தூவினேன். விளைவதில் எதை வயிறு ஏற்கும் என்பதைப் புதிதாகப் படிக்க வேண்டியிருந்தது. வேகவைத்த கேரட் ஒத்துக்கொண்டது. முள்ளங்கி தின்றால் பை காற்றடைத்து உப்பியது. பீட்ரூட் சாப்பிடலாம் என்றுதான் மருத்துவர் சொன்னார். நான் விதைக்கவில்லை.

இதுவரை எழுதியது எளிது. இனி எழுதப்போவதற்காகத்தான் உட்கார்ந்தேன்.

வீட்டுக்கு அனுப்பும்போது மருத்துவர் ஒன்று சொல்லியிருந்தார். சில குடும்பங்களில் இது கூடப்பிறந்தவர்களுக்கும் வரும். அவர்களும் ஒருமுறை கொலோனோஸ்கோபி எடுத்துவிட வேண்டும். தலையாட்டினேன். எனக்கு ஒரே தம்பி, சேவியர். வைட்ஃபீல்டில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் எலக்ட்ரீஷியன். அவனுக்கும் மற்ற சொந்தங்களுக்கும் ஹெர்னியா ஆபரேஷன் என்றுதான் சொல்லியிருந்தேன். ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்தவனிடமும் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு அதையே சொன்னேன். சொல்லிவிடுங்கள் என்று ஸ்டெல்லா இரண்டு முறை கேட்டாள். யாரிடமும் சொல்லக் கூடாது என்று அவளிடம் சத்தியம் வாங்கினேன்.

ஒன்றரை வருடம் போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கேரட் பிடுங்க உதவியாகச் சேவியர் வந்தான். மண்ணைத் தளர்த்தி ஒவ்வொன்றாக இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தவன், பேச்சுவாக்கில் சொன்னான்.

“எனக்கும் கொஞ்ச நாளா மூலம் மாதிரி தொல்லைண்ணா. ரத்தம் வருது. காரம் ஜாஸ்தியாயிடுச்சு போல.”

எழுந்து நின்று சட்டையைத் தூக்கிக் காட்டினேன்.

“இது ஹெர்னியா இல்ல சேவி. கேன்சர். உன்னையும் டெஸ்ட் எடுக்கச் சொன்னாங்க. சொல்லி ஒன்றரை வருஷமாச்சு.”

அவன் பையை வெகுநேரம் பார்த்தான். பிறகு குழாயடிக்குப் போய் விரலிடுக்கில் இருந்த மண்ணையெல்லாம் கழுவினான்.

“உன் வியாதிய மறைச்சது உன் இஷ்டம்ணா. என்னோடதையும் சேத்து மறைச்சிட்டியே.”

அவ்வளவுதான். படியிறங்கிப் போய்விட்டான்.

அந்த வாரமே பரிசோதனை எடுத்தான். இரண்டு பாலிப் (குடலின் உட்சுவரில் வளரும் சதைமொட்டு) இருந்தன. அப்போதே வெட்டி எடுத்துவிட்டார்கள். புற்றுநோய் இல்லை, ஆனால் ஒன்றை அப்படியே விட்டிருந்தால் சில வருடத்தில் மாறியிருக்கக்கூடும் என்றார்களாம். இதெல்லாம் ஸ்டெல்லாவிடம் அவன் மனைவி சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான்கு மாதம் அவன் என்னோடு பேசவில்லை. நானும் போன் செய்யவில்லை, என்ன சொல்வது?

இதைப் படிக்கும் உங்களில் யாருக்காவது இதே நோய் இருந்தால், மருத்துவர் வீட்டுக்கு அனுப்பும் அன்றே கூடப்பிறந்தவர்களிடம் சொல்லிவிடுங்கள். பை மாட்டிய வெட்கம் நாளடைவில் தேய்ந்தது. தம்பி முகத்தைப் பார்க்கும்போது வரும் வெட்கம் தேயவில்லை. தேய வேண்டும் என்று நான் கேட்கவும் இல்லை.

போன மாதம் என் பரிசோதனை நாளன்று, அல்சூர் மெட்ரோ நிலையத்தில் சேவியர் நின்றிருந்தான். ஸ்டெல்லா சொல்லியிருக்க வேண்டும். வண்டியில் கூட்டம். ஒரு இருக்கை காலியானதும் “உக்காருண்ணா” என்று சொல்லி, எனக்கு முன்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். அப்போது என் வயிறு சத்தம் போட்டது. ஸ்டோமாவுக்கு நேரம் காலம் கிடையாது, அடக்கவும் முடியாது. பக்கத்திலிருந்த பெண் திரும்பிப் பார்த்தார். நான் அசையாமல் இருந்தேன். சேவியரும் நகரவில்லை.

முன்பெல்லாம் ஓய்வு பெறும் வருடம், அதற்கடுத்த வருடம் என்று கணக்குப் போடுவேன். இப்போது முள்ளங்கிக்கு நாற்பத்தைந்து நாள், கேரட்டுக்கு மூன்று மாதம், ஸ்கேனுக்கு ஆறு மாதம். அதற்கு அப்பால் என் மனம் போவதில்லை.

“அடுத்த செக்கப் எப்ப?” என்று சேவியர் கேட்டான். சொன்னேன். போனை எடுத்து, தன்னுடைய செக்கப் தேதிக்குக் கீழே அதையும் எழுதிக்கொண்டான். நான் வயிற்றின் மேல் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தேன். பை மெல்ல நிறைந்துகொண்டிருந்தது. சட்டைக்கு மேலாக உள்ளங்கையில் அதன் வெதுவெதுப்பு தெரிந்தது. நான் கையை எடுக்கவில்லை.