வண்டி வீட்டு வெந்நீர்

இங்கே எங்கள் வீட்டுக்குச் சக்கரம் இருக்கிறது. காலையில் கதவைத் திறந்தால் நேற்றுப் பார்த்த மரம் இருக்காது, வேறு ஊர் நிற்கும். மாப்பிள்ளைக்கு எண்ணெய் ஆலைகளில் குழாய் சோதிக்கிற வேலை. எண்ணூரில் கற்றதை டெக்சாஸில் ஊர் ஊராகப் போய்ச் செய்கிறார். ஆர்.வி. என்கிற இந்த வீட்டு வண்டியைப் பின்னால் இழுத்துக்கொண்டு நாங்களும் போகிறோம். நிற்கிற இடத்தில் ஒரு குழாயும் கரண்டுப் பெட்டியும் இருக்கும். ஓஸைச் செருகி ஒயரை மாட்டினால் குடித்தனம் ஆரம்பம்.

வெந்நீர் போடுகிற ஹீட்டர் வண்டியின் வயிற்றுக்குள் இருக்கிறது. ஊர் மாறும்போது கனம் குறையட்டும் என்று மாப்பிள்ளை அதிலுள்ள தண்ணீரை வடித்துவிடுவார். போன ஊரில் அதற்குள்ளே தண்ணீரைச் சுடவைக்கிற கம்பி, காயில் என்பார்கள், எரிந்துபோனது. புதிதாகப் போட்டோம். இந்த ஊருக்கு வந்ததும் அதுவும் போனது. என் மகள் ஸ்டெல்லாவுக்கு வயிற்றில் ஏழு மாதம். மறுபடி எரிந்தால் உன் அம்மாவை ஊருக்கு அனுப்பிவிடலாம், இந்தக் குளிரில் பச்சைத் தண்ணீர் தாங்காது என்று மாப்பிள்ளை அவளிடம் சொன்னது தடுப்புக்கு இந்தப் பக்கம் கேட்டது. நல்ல மனசோடுதான் சொன்னார். பிள்ளை பெற்றவளுக்கு இடுப்பில் வெந்நீர் ஊற்ற நான் இல்லாமல் யார்? ஆனால் மாப்பிள்ளையிடம் நேராகப் பேசி எனக்குப் பழக்கமில்லை. கதவுக்குப் பின்னால் நின்று மகளிடம் சொல்லுவேன். இந்த வண்டியில் நிற்க அப்படி ஒரு கதவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வண்டிக்காரர் வால்டர் கரண்டு பார்க்கிற மீட்டரோடு வந்தார். பிரேக்கரைப் பார்த்தார், சிவப்புப் பொத்தானை அமுக்கினார், காயில் வரைக்கும் கரண்டு வருகிறது என்றார். மீட்டரைக் காயிலில் வைத்தால் மட்டும் முள் அசையவில்லை. கரண்டை நிறுத்திக் கழற்றினால், தீயில் விட்ட முருங்கைக்காய் மாதிரி வெடித்து வந்தது. தண்ணீர் இல்லாமல் சுவிட்சைப் போட்டால்தான் இப்படி ஆகுமாம். மாப்பிள்ளை சத்தியம் பண்ணாத குறை. வெளிக் குழாயைத் திறந்துவிட்டுத்தான் வேலைக்குப் போவாராம், அப்புறம்தான் ஸ்டெல்லா சுவிட்ச் போடுவாளாம்.

ராயபுரத்தில் எங்கள் தெருவுக்கே ஒரு குழாய். திறந்து கிடந்தால் யார் கடந்து போனாலும் மூட வேண்டும். மூடாவிட்டால் எதிர்வீட்டு பிலோமினா, "யார்டி கொயாவ தொறந்து வுட்டது, உங்கப்பன் வூட்டுத் தண்ணியா?" என்று கடற்கரை வரைக்கும் கேட்கிற மாதிரி ஏலம் போடுவாள். என் கை அந்தத் தெருவில் வளர்ந்த கை.

புதுக் காயிலை முறுக்கி வால்டர் வெளிக் குழாயைத் திறந்தார். உள்ளே ஸ்டெல்லா வெந்நீர்க் குழாயைத் திறக்க, ஹீட்டர் இன்னும் நிறையாததால் அது காற்றைத் துப்பிக்கொண்டிருந்தது. ஓஸ் மாட்டிய இடத்தில் சொட்டுச் சொட்டாக மண்ணில் விழுந்தது. நான் போய் வெளிக் குழாயை மூடினேன். உள்ளே சத்தம் நின்றது. வால்டர் என்னைப் பார்த்தார், கையிலிருந்த வெடித்த காயிலைப் பார்த்தார், இங்கிலீஷில் என்னமோ கேட்டார். எல்லாவற்றுக்கும் சொல்லுகிற மாதிரி எஸ் என்றேன். மனிதர் முட்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

மாப்பிள்ளை என்னிடமே வந்தார். "அத்தே, போன ஊர்லயும் மூடினீங்களா?"

ஊருக்கு அனுப்பிவிடுவார் என்ற பயத்தில் நேராகவே சொல்லிவிட்டேன். "சொட்டிக்கினு இருந்துச்சு மாப்ள. யாரும் தண்ணி புடிக்கல. சமைக்கறப்ப தொறப்பேன், அப்புறம் மூடிடுவேன்."

மாப்பிள்ளை உள்ளே இருக்கிற மகளுக்குக் கேட்க ஜன்னலைப் பார்த்துச் சொன்னார்: "ஸ்டெல்லா, ஹீட்டர்ல ஒண்ணும் கோளாறு இல்ல. உங்கம்மாதான் கோளாறு. அவங்கள ரிப்பேர் பண்ண முடியாது. இங்கயே இருக்கட்டும்."

குழாயை மறுபடி திறந்தார்கள். காற்று அடங்கித் தண்ணீர் ஒழுங்காக விழுந்த பிறகு சுவிட்சைப் போட்டார்கள். இனி மூடுவதில்லை என்று மகளிடம் வாக்குக் கொடுத்தேன். கொடுத்துவிட்டு, சொட்டுகிற இடத்துக்குக் கீழே பக்கெட்டை வைத்து, கையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"யம்மா, வென்னி வந்துடுச்சி. உள்ள வா."

"தோ வரேன்டி. இப்பதான் பாதி பக்கெட்டு ஆயிருக்கு."