பஞ்சமம் காந்தாரமான ஞாயிறு

மலேசியாவின் ஈப்போவில் ஓட்டல் ஓட்டலாகப் பியானோ வாசித்தே தலை நரைத்தவள் நான். ஜாஸ் பாட்டில் கார்ட்ஸ், அதாவது ஸ்வரக் கூட்டுகள், எங்கே திரும்பும் என்று என்னைத் தாராளமாகக் கேட்கலாம். பொறுமையை மட்டும் கேட்காதீர்கள்.

அந்த ஞாயிறு மதியம் வாசிக்க உட்காரும்போதே மேனேஜர் தேவி வந்து நின்றாள். "அக்கா, இன்னிக்கு ஆளுங்க ரசிக்கலன்னா பேண்ட நிறுத்திட்டு ஸ்பீக்கர்ல பாட்டு போடச் சொல்லிட்டாரு தவுக்கே. நான் என்னா செய்ய லா?" தவுக்கே என்றால் எங்கள் ஊரில் முதலாளி.

எங்கள் சாக்ஸபோன்காரர் கோலாலம்பூருக்குப் போய்விட்டார். பக்கத்துப் புந்தோங் கோயில்களில் சாக்ஸபோனில் கர்நாடக இசை ஊதும் சேகரைத்தான் அவசரமாகப் பிடித்து வந்திருந்தேன். ஒத்திகைக்கு நேரமில்லை.

"மேஜர் ஸ்கேல்தானேக்கா? சங்கராபரணம். ஊதித் தள்ளிரலாம்" என்றான்.

முதல் பகுதி பிரமாதம். டூ, ஃபைவ், ஒன் என்று கார்ட்ஸ் சுற்றி வந்தாலும் எல்லாம் சங்கராபரணத்துக்குள்தான். பிரிட்ஜ் என்கிற நடுப்பகுதியில் பாட்டு சி மேஜரை விட்டு ஈ ஃப்ளாட்டுக்குத் தாவும். சேகரோ பழைய காந்தாரத்தையே நீட்டிப் பிடித்தான். ஐயோ, அந்த உரசல்! எதிர் மேசை அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

அப்போதுதான் அவன் காதில் இயர்போனைப் பார்த்தேன். கச்சேரிப் பழக்கம்; செல்போனில் ஸ்ருதிப் பெட்டியை ஓடவிட்டிருக்கிறான்! பாட்டின் 'சா' இடம் மாறியும் அவனுக்குப் பழைய 'சா'தான் கேட்கிறது. எனக்குக் கோபம் வந்தது.

பேஸ் கிட்டார்காரர் தனியாக வாசித்த இடைவெளியில் அவனை அருகே அழைத்தேன். "அதக் கழட்டு மொதல்ல. இந்தப் பாட்டுல சா மாறும்."

"சா மாறுமா? என்னக்கா, அடிமடியிலயே கை வைக்கிறீங்க!"

"பிரிட்ஜ் வந்தா பஞ்சமத்தப் பிடிச்சுக்கிட்டு நில்லு. நகராத. மிச்சத்த நான் பாத்துக்கிறேன்."

நின்றான். நான் கீழே எஃப் மைனர், பி ஃப்ளாட் செவன், ஈ ஃப்ளாட் என்று மாற்றினேன். அவன் விரல் அசையவில்லை. ஆனால் பஞ்சமமாக இருந்த அதே ஜி, புது 'சா'வுக்குக் காந்தாரமாகிவிட்டது. சேகர் கண்ணை அகல விரித்து என்னைப் பார்த்தான். பிறகு அந்தக் காந்தாரத்திலிருந்தே கிளம்பி ஊதினான் பாருங்கள், எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. எதிர் மேசை அம்மாதான் முதலில் கைதட்டினார்.

"அடுத்த ஞாயிறும் வந்துருங்கக்கா" என்றாள் தேவி.

வாசிக்க வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: கார்ட்ஸ் மாறினால் புது ஸ்வரத்தைத் தேடி ஓடாதீர்கள். கையில் இருப்பதில் எது அந்தப் பக்கமும் செல்லும் என்று முதலில் பாருங்கள்.

சேகர் இயர்போனைச் சுருட்டிப் பையில் போட்டான்.

"இந்தக் காது இனிமே உங்களுக்குத்தான்க்கா."