செப்பேட்டில் மிளகாய்

மனைவி காலராவில் போய்ச் சேர்ந்த பிறகு, தமிழாசிரியர் பூதலிங்கம் பிள்ளை திருநெல்வேலிப் பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு, சீவலப்பேரிக்கு மேற்கே இருந்த சொந்த ஊருக்கு வந்துவிட்டார். பிள்ளைகள் இல்லை. சாப்பாடு, அதே தெருவில் வாழ்க்கைப்பட்டிருந்த தங்கை பார்வதியம்மாள் வீட்டிலிருந்து வந்தது.

1911இல் ஊர்க்கோயில் குடமுழுக்கை ஒட்டி, ஊர்க் கால்வாயின் வரலாற்றை எழுதும் பொறுப்பு அவரிடம் வந்தது. தங்கையின் கணவர் ஐயம்பெருமாள் ஒரு செப்பேட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். ஐந்நூறு வருடத்துக்கு முன் அவருடைய முன்னோர் சிவசைலம் பிள்ளை கால்வாய் வெட்டிய கதை அதில் இருந்தது. கோயிலில் முதல் மரியாதை அந்தக் குடும்பத்துக்குத்தான்.

பூதலிங்கம் வரிவரியாகப் படித்தார். வெட்டிய ஆட்களுக்குக் கூலியாக அளந்த படியில் நெல், உப்பு, புளி, மிளகாய். மிளகாயில் விரல் நின்றது. நானூறு வருடத்துக்கு முன் பறங்கியர் கப்பல் வந்து இறக்கும்வரை இந்த நாட்டில் மிளகாய் ஏது? ஊர்ப் பெரியவர்களிடம் விசாரித்தார். ஐயம்பெருமாளின் பாட்டனார் காலத்தில் முதல் மரியாதைக்காக வழக்கு நடந்ததும், அதற்கு முன் இந்தச் செப்பேட்டை யாரும் கண்டதில்லை என்பதும் தெரியவந்தது.

கால்வாயில் தூர்வாரும் சுடலையாண்டி வேறு கதை சொன்னார். "எங்க பூட்டனுக்குப் பூட்டன பலி குடுத்து மடைக்கு அடியில பொதைச்சாவ அய்யா. அதுக்குப் பொறகுதான் தண்ணி நின்னுது."

பூதலிங்கத்துக்கு அதை அப்படியே எழுதிவிடக் கை பரபரத்தது. அந்தப் பரபரப்பே அவரைச் சந்தேகப்பட வைத்தது. ஆற்றுக்கு அக்கரையில் இரண்டு ஊர்களில் இதே கதையை வேறு பெயர்களோடு கேட்டிருக்கிறார். கடைசியில், செப்பேடு பிற்காலத்தது, பலிக் கதைக்கும் வேறு ஆதாரம் கிடைக்கவில்லை, வெட்டியவர் யாரென்று தெரியவில்லை என்று எழுதிக் கொடுத்தார்.

ஐயம்பெருமாள் வாசலிலேயே நின்றார். "எங்க வீட்டுச் சோத்தத் தின்னுக்கிட்டே எங்க செப்பேட்டப் பொய்யின்னு எழுதுதீகளே, அத்தான்!"

"பொய்யின்னு எழுதல, மாப்பிள்ளை. பிந்தி எழுதினதுன்னுதான் எழுதியிருக்கேன்."

மறுநாளிலிருந்து சாப்பாடு நின்றது. சுடலையாண்டியும் எதிரே வந்தபோது, "எங்க ஆளு செத்ததுக்கும் சாட்சி கேட்டுட்டியளே அய்யா" என்று சொல்லிவிட்டு வரப்பில் இறங்கிப் போய்விட்டார். பூதலிங்கம் எழுதியது அச்சேறவில்லை; யாரோ எழுதிய வேறொரு புத்தகம், சிவசைலம் பிள்ளையின் பெருமையோடு அச்சாகி வந்தது.

குடமுழுக்கன்று தெருவே காலியாக இருந்தது. பூதலிங்கம் வீட்டிலேயே இருந்தார். கொல்லை வழியாகப் பார்வதியம்மாள் மட்டும் வந்தாள்.

"இம்புட்டுப் பாடுபட்டு, கடைசியில தெரியாதுன்னா எழுதினிய, அண்ணே?"

"ஆமா, தாயி. தெரியல."

அவள் அடுப்படியில் அடிப்பிடித்துக் கிடந்த சோற்றுப்பானையைத் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்தாள். "அவுக தேடுவாக" என்று சொல்லிவிட்டு வந்த வழியே போனாள்.

பூதலிங்கம் தம் கைப்பிரதியை எடுத்தார். முதல் பக்கத்தின் மேலே எழுதினார்: 'இதை எழுதியவன் செப்பேட்டுக்காரருக்கு மைத்துனன், இப்போது அவர்மேல் மனத்தாங்கல் உள்ளவன். படிப்பவர் அதையும் எண்ணிப் பார்க்க.'

படிக்க யாரும் வரவில்லை. இன்னும் ஆறு வருடம் அந்த வீட்டில் தனியாகப் பொங்கித் தின்று இருந்தார். எழுதியதில் ஓர் எழுத்தைக்கூட அவர் மாற்றவில்லை.