அக்காவுக்கென்று அடித்த படி

எங்கள் அக்கா கண்மூடி ஓராண்டு நிறைகிறது. திதிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களுக்கும் எஸ்டேட் மக்களுக்கும் வணக்கம். அக்காவைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதும்படி அத்தான் சொன்னார். நல்லது எழுதக் குறைவில்லை. ஆனால் எழுத உட்கார்ந்தால் நினைவு சமையலறைப் பக்கமே போகிறது. அதை மறைத்துவிட்டு மற்றதை எழுத எனக்கு மனம் வரவில்லை.

அக்கா அவிநாசிக்குக் கிழக்கே ஒரு சிற்றூரில் பிறந்தார். தாயில்லாத என்னை இடுப்பில் தூக்கி வளர்த்தவர் அவர்தான். அவரே அப்போது பாவாடை கட்டும் சிறுமி. மழை பொய்த்த ஒரு வருஷத்தில் அத்தானுக்கு வாழ்க்கைப்பட்டுக் குன்னூருக்கு மலையேறினார். அத்தான் ஃபாக்டரியில் தச்சர், தேயிலை அனுப்பும் பெட்டிகள் செய்பவர். குளிரில் விரல் வெடித்தபோதும், பெற்ற ஒரே பிள்ளையைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்தபோதும் அக்கா யாரையும் நொந்து பேசியதில்லை. யுத்தத்தால் அரிசிக்குத் தட்டுப்பாடு வந்த பிறகும், எஸ்டேட் கூலிகள் குடியிருக்கும் லயத்துப் பிள்ளை எதுவும் வாசலில் நின்றால் தன் பங்குக் கஞ்சியை ஊற்றிக் கொடுத்துவிட்டுப் பசியில்லை என்பார். கோபமும் உண்டு. அத்தான் அவரைக் குள்ளம் என்று சொல்லிவிட்டால் அன்றைக்கு ரசத்தில் உப்பு இருக்காது.

அவர்கள் குடியிருந்த வீடு முன்பு யாரோ ஒரு வெள்ளைக்காரருக்காகக் கட்டியது. மனிதர் நல்ல நெட்டையாக இருந்திருக்க வேண்டும். சமையலறை அலமாரிகள் எல்லாமே உயரத்தில். மழைக்காலத்தில் இந்த மலையில் தரை முழுக்க ஓதம். உப்பும் மிளகாயும் தீப்பெட்டியும் மேலே இருந்தால்தான் கெடாது. அக்கா ஒரு பழைய தேயிலைப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு ஏறுவார். அது ஆடும். அதைப் பார்க்கப் பொறுக்காமல் அத்தான் அலமாரிக்குக் கீழே, அடுப்பை ஒட்டி, சுவரோடு சேர்த்து ஒரு படி அடித்துக் கொடுத்தார். உள்ளே பெட்டிபோல் கூடாக விட்டு, மேலே திறந்து மூடும் பலகை போட்ட படி. அன்றைக்கு அக்கா தேவையில்லாத சாமானை எல்லாம் எடுப்பதற்காக ஏறி ஏறி இறங்கினாராம்.

மறு வருஷம் நான் கணவரை இழந்து அந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். ஒண்ட வந்தவள் என்ற கூச்சத்தில் கேட்காமல் ஒரு தம்ளரைக்கூடத் தொட மாட்டேன். மழை பிடித்துக்கொண்டது. மூலையில் இருந்த பானை அரிசியில் பூஞ்சை வாடை அடித்தது. அடுப்புச் சூட்டில் படியின் உட்புறம் காய்ந்து கிடப்பதைப் பார்த்தேன். அரிசியைப் புடைத்து அதில் கொட்டி மூடி வைத்தேன். அக்கா வந்து பார்த்து, நல்ல காரியம் செய்தாய் என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அரிசி இருக்கும் இடத்தில் கால் படக்கூடாது என்பது எங்கள் வீட்டில் நடை பழகும் குழந்தைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் நான் உயரம்; தரையில் நின்றே எனக்கு எட்டும். அதில் நான் ஒருநாளும் ஏறியதில்லை. அதனால் அது என் கண்ணுக்கு வெறும் பெட்டியாகத்தான் தெரிந்தது.

அன்று முதல் அக்கா மறுபடியும் அந்தப் பழைய பெட்டியில் ஏறத் தொடங்கினார். அத்தான் கேட்டபோது பழக்கம் விடவில்லை என்று மழுப்பினார். அத்தான் கைவேலை பிடிக்கவில்லையா என்று நானும் கேலி செய்தேன். அக்கா சிரித்தார். நானும் சிரித்துவிட்டுப் போனேன். அதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. ஒருநாள் காலையில் நான் ஃபாக்டரிக்குத் தேயிலையில் குச்சி பொறுக்கும் வேலைக்குப் போன பிறகு, உப்பு எடுக்க ஏறியவர் பெட்டி சரிந்து விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார்.

படுக்கையில் கிடந்தவரிடம் ஒருநாள் ஆற்றாமையில் கேட்டேன்.

"ஏனக்கா, படி இருக்கறப்ப அந்தப் பொட்டில எதுக்கு ஏறுன?"

"அரிசி மேல காலை வெக்கறதா?"

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா மாத்தி வெச்சிருப்பனே."

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இந்த ஊட்டுக்கு வந்து நீயா எடுத்து வெச்ச மொதச் சாமான் அதுதான் கண்ணு. அதை எடுன்னு உங்கிட்ட நான் எப்படிச் சொல்றது?"

அன்றே அரிசியை வேறிடத்துக்கு மாற்றினேன். அக்கா எழுந்திருக்கவே இல்லை. நெஞ்சில் சளி கட்டி, மழை விடுமுன்பே எங்களை விட்டுப் போனார். அத்தான் இன்றுவரை என்னை ஒரு சொல் கேட்டதில்லை. கேட்டிருந்தால் தேவலை என்றிருக்கிறது.

கொட்டும் மழையில் அக்காவைக் கட்டிலோடு சுமந்து ஆஸ்பத்திரி சேர்த்த ஃபாக்டரி ஆட்களுக்கும், வேளை தவறாமல் வந்து பார்த்த கம்பவுண்டர் ஐயாவுக்கும், எங்கள் வீட்டில் அடுப்பு எரியாத நாட்களில் சோறு கொண்டுவந்த பக்கத்து வீட்டுப் பெண்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

இன்று சமையலுக்கு ஒத்தாசையாக வந்திருக்கும் பெண்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மேல் அலமாரியில் ஏதும் எடுக்க வேண்டியிருந்தால் அந்தப் படியில் தாராளமாகக் கால் வைத்து ஏறுங்கள். உள்ளே ஒன்றும் இல்லை. அக்காவிடம் சொல்லியிருக்க வேண்டியதை உங்களிடம் சொல்கிறேன்.