முகாம் வாசலில் நான் பேசிய பேச்சு

ஆவடி சேக்காட்டில் இருக்கிறேன். பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எனக்கு வாய் கொஞ்சம் அதிகம்.

ஒரு ஞாயிறு, பூசை முடிந்ததும் மாதா கோயிலை ஒட்டிய பள்ளியில் அரசு மருத்துவக் காப்பீட்டு முகாம் நடந்தது. காப்பீட்டு கார்டுக்குத் தேவையான வருமானச் சான்றும் அங்கேயே கொடுத்தார்கள். வாசலில் நின்று நான் வாதாடிக்கொண்டிருந்தேன்.

"தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொட்டுற காசுல கவர்மென்ட் ஆஸ்பத்திரியச் சரி பண்ணலாமே! இந்தக் கார்டை வாங்கி என்ன பண்ணப் போறீங்க?"

வரிசையில் நின்ற என் பக்கத்து வீட்டு ஆட்டோக்காரர் அந்தோணி சிரித்தார். "அண்ணன் சொன்னா கரெக்டாதான் இருக்கும். வா மேரி, ஊட்டுக்குப் போலாம்" என்று மனைவியை அழைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

ஏழே மாதத்தில் மேரிக்கு இதய வால்வு பழுதானது. அரசு மருத்துவமனையில் அறுவை சிகிச்சைக்கு நீண்ட வரிசை. தனியாரில் கார்டு கேட்டார்கள். வருமானச் சான்றுக்காக அந்தோணியோடு நானும் அலைந்தேன். கார்டு கைக்கு வந்தபோது, மேரியை அடக்கம் செய்து மூன்று நாள் ஆகியிருந்தது.

இன்றும் பூசைக்குப் போகும்போது அந்தோணி, "வாண்ணா, ஏறிக்கோ" என்று ஆட்டோவை நிறுத்துகிறார். மேரி உட்காரும் இடத்தை விட்டுவிட்டு ஓரமாகவே உட்காருகிறேன்.

என் கருத்து மாறவில்லை. ஆனால் இப்போது முகாம் என்றால் தெருக்காரர்களை நானே கூட்டிப்போய் வரிசையில் நிறுத்துகிறேன். அவர்கள் கார்டு வாங்கும்வரை வாய் திறப்பதில்லை.

அன்று அந்த வாசலில் பேசியபோது, தொழிற்சாலை தந்த மருத்துவ அட்டை என் சட்டைப் பையில் இருந்தது.